கருங்கல்லில் இறங்கிய வாத்துகள்

பாபநாசம்
24 ஜூன் 2025

ஆல்பின் சாருக்கு,

நாகநாதன் மகள் செந்தாமரை எழுதுகிறேன். மறந்திருக்க மாட்டீர்கள். உங்கள் அப்பா ஜேசுராஜ் நடத்தி, பத்து வருடமாகப் பூட்டிக் கிடந்த ரைஸ் மில்லில் பிப்ரவரி மாதம் கண்காட்சி வைத்தீர்களே, அதற்கு வாத்து கொண்டுவந்த குடும்பம். உங்கள் பழைய நம்பர் உபயோகத்தில் இல்லை என்கிறது. கும்பகோணத்தில் உங்கள் அக்கா ஜாய்ஸ் டீச்சரைப் பார்த்துக் கொச்சி விலாசம் வாங்கினேன். புது நம்பரும் கொடுத்தார்கள். போனில் பேசினால் நீங்கள் இனிக்க இனிக்கப் பேசி என்னை மடக்கிவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

சொல்ல வந்தது இதுதான். போன வாரம் குடமுருட்டி ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் வாய்க்காலிலும் முழங்கால் அளவு ஓடுகிறது. வருஷா வருஷம் முதல் தண்ணீரைக் கண்டதும் வாத்துகள் போடும் சத்தத்தில் தெருவே எட்டிப் பார்க்கும். இந்த வருஷம் நானூறு வாத்தும் கரையிலேயே நின்றுவிட்டன. ஒன்றுகூட இறங்கவில்லை. முன்னால் நின்ற நாலைந்து கழுத்தை நீட்டித் தண்ணீரை அலகால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கின. அந்தத் தட்டு எனக்குத் தெரியும் சார். உங்கள் மில்லில் ஐந்து வாரம் கேட்ட தட்டு அது.

நீங்கள் போட்ட கறுப்புக் கல் தரையைச் சொல்கிறேன். விளக்கு வெளிச்சத்தில் அது தண்ணீராகவே தெரியும். ஸ்பீக்கரில் என் அப்பாவின் குரல் வாத்துகளைக் கூப்பிடும், வாத்துகள் ஓடி வந்து கல்லில் அலகை மோதும், நீங்கள் அழைத்து வந்த ஆட்கள் இருட்டில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். தினம் இரண்டு தடவை, பன்னிரண்டு மணிக்கும் நாலு மணிக்கும்.

இப்போதும் பன்னிரண்டு அடித்தால் எந்த வயலில் இருந்தாலும் மந்தை மொத்தமும் மில்லுக்குத் திரும்புகிறது. கோலை வைத்து மறித்தால் என் காலுக்கு இடையில் புகுந்து போகிறது. பூட்டிய கதவுக்கு முன்னால் போய் நிற்கிறது. ஸ்பீக்கரை ஏதாவது ஓடவிட்டு மறந்துவிட்டீர்களா? சாவி உங்களிடம் இருக்கிறது. தயவுசெய்து வந்து பாருங்கள்.

செந்தாமரை

---

கொச்சி
3 ஜூலை 2025

அன்புள்ள செந்தாமரைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் அப்பாவை நினைக்காத நாளில்லை. கண்காட்சியின் மூன்றாவது வாரத்தில் அவர் வயலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை என்று நீங்கள் வந்து சொன்ன அந்தக் காலை என் மனதில் அப்படியே இருக்கிறது. அவர் ஒரு பெரிய கலைஞர். அந்தப் படைப்பில் பாதிக்கு மேல் அவருடையது.

மில்லைப் பற்றிப் பயம் வேண்டாம். மார்ச் பத்தாம் தேதி ஸ்பீக்கர்களை நானே கழற்றி வண்டியில் ஏற்றினேன். மின் இணைப்பையும் துண்டித்தாயிற்று. உள்ளே அந்தக் கல் தரையும் வௌவாலும் தவிர ஒன்றும் கிடையாது. சாவியை இத்துடன் வைத்திருக்கிறேன், நீங்களே திறந்து பாருங்கள்.

வாத்துகளுக்கு இது பழக்கம்தான். ஐந்து வாரம் ஒரே நேரத்துக்கு வந்ததால் உடம்பில் அந்த நேரம் பதிந்திருக்கிறது. நாளாக ஆகச் சரியாகிவிடும். தண்ணீரில் இரண்டைத் தூக்கிப் போட்டால் மற்றவை தானாக இறங்கும் என்று நினைக்கிறேன். இதை உங்களுக்கு நான் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான், மன்னியுங்கள்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

ஆல்பின்

---

பாபநாசம்
11 ஜூலை 2025

ஆல்பின் சாருக்கு,

தூக்கிப் போட்டோம் சார். பத்து வாத்தைப் போட்டோம். தண்ணீரில் விழுந்ததும் இறக்கையை விரித்துக்கொண்டு, தீயில் விழுந்தவை போல அலறிக் கரையேறின. அதில் இரண்டு அன்றைக்கே செத்துவிட்டன. வாத்து தண்ணீரில் செத்து நான் பார்த்ததில்லை.

சாவி வந்தது. ஒன்பதாம் தேதி பன்னிரண்டு மணிக்கு வாத்துகள் கதவடியில் நிற்கும்போது திறந்தேன். முட்டி மோதாமல் வரிசையாக உள்ளே போயின. கல் தரைக்கு ஓர் அடி முன்னால் நின்று, எல்லாம் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்தன. நீங்கள் ஸ்பீக்கர் மாட்டியிருந்த சுவரில் இப்போது நாலு ஆணிதான் இருக்கிறது. அந்த ஆணியைத்தான் பார்த்தன. கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டின் வழியாக வெயில் வந்து கல்லில் விழுந்திருந்தது. அவ்வளவு நேரம் நானூறு வாத்து சத்தமில்லாமல் நிற்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பிறகு அவ்வளவும் ஒன்றாக இறங்கின. அப்பா ஒரு நீண்ட ஓவும் மூன்று பாவும் சேர்த்துக் கூப்பிடுவாரே, அந்த மூன்றாவது பா முடிந்ததும் எப்படி இறங்குமோ அப்படி. கல்லை அலகால் தட்ட ஆரம்பித்தன. நிறுத்தவே இல்லை. கல் ஓரத்தில் ரத்தப் பொட்டுகள். அலகு நுனி தேய்ந்து போயிருக்கிறது.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சத்தியமாக ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் வாசலில் என் அம்மா. ஈஸ்வரி அக்கா என்று நீங்கள் கூப்பிடும் அதே அம்மாதான், ஆனால் முகம் வேறாக இருந்தது.

"ஏண்டி, கேக்கலையா ஒனக்கு? ஒங்கப்பாதான். எவ்ளோ நேரமா கூப்புடுறாரு" என்றாள்.

அன்றிலிருந்து அம்மாவும் தினம் மந்தையோடு கிளம்பிவிடுகிறாள். அடுப்பில் உலை கொதித்தாலும் கிளம்பிவிடுகிறாள். பூட்டினால் கதவிலேயே முட்டிக்கொள்கிறார்கள் என்று மில்லைத் திறந்தே விட்டிருக்கிறேன். மந்தை முட்டையிடுவதை நிறுத்திவிட்டது, தீனி எடுப்பதில்லை, தினம் ஒன்றிரண்டு சாகிறது. எனக்கு இருப்பது இந்த மந்தையும் அம்மாவும்தான். இரண்டும் அந்தக் கல்லில் போய் விழுகின்றன. பழக்கம், சரியாகிவிடும் என்று இன்னொரு கடிதம் எழுதாதீர்கள்.

செந்தாமரை

---

கொச்சி
26 ஜூலை 2025

செந்தாமரைக்கு,

பதில் எழுதத் தாமதமானதற்கு வேலைதான் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் உங்கள் கடிதம் என்னைக் காயப்படுத்தியது.

சில விஷயங்களைத் தெளிவாகப் பேசிவிடுவோம். அந்தப் படைப்பில் ஒரு வாத்தையும் நான் அடிக்கவில்லை, கட்டவில்லை, கூண்டில் போடவில்லை. கதவு எப்போதும் திறந்தே இருந்தது. அவை தாமாக வந்தன, தாமாகப் போயின. பார்க்க வந்தவர்கள் கேட்டபோதும் இதைத்தான் சொன்னேன். காவிரியில் தண்ணீர் வருமா வராதா என்று காத்திருக்கும் ஒரு நிலத்தின் கதையை, நூறு கட்டுரை சொல்லாததை, கல்லில் மோதும் அந்த அலகுச் சத்தம் சொல்லியது. டெல்லியிலிருந்து வந்த ஒரு அம்மாள் அரை மணி நேரம் அழுதார்.

கோபப்படாமல் கேளுங்கள். நீங்கள் வாத்துகளை எதற்கு வளர்க்கிறீர்கள்? முட்டை நின்றதும் கறிக்கு அனுப்புகிறீர்கள். பிரியாணிக் கடைக்குப் போகும் வாத்துக்கு என் ஐந்து வாரம் அப்படி என்ன பெரிய துரோகம்? கழுத்தை அறுப்பதைவிடக் கல்லைக் காட்டியது பாவமா? எனக்குப் புரியவில்லை, உண்மையாகவே புரியவில்லை.

அம்மாவுக்கு டாக்டரைப் பாருங்கள். துணை இழந்தவர்களுக்கு இப்படிக் குரல் கேட்பது உண்டு. தஞ்சாவூரில் எனக்குத் தெரிந்த மனநல மருத்துவர் இருக்கிறார், நான் பேசி ஏற்பாடு செய்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. நவம்பரில் இதே படைப்பு டெல்லியில் ஒரு பெரிய கண்காட்சியில் இடம்பெறுகிறது. வாத்துகள் அங்கேயே கிடைக்கும், அப்பாவின் குரலுக்குப் பழக்குவதற்கு ஒரு மாதம் போதுமாம். என் வாழ்க்கையில் இதுவரை வராத வாய்ப்பு இது. அப்பாவின் பெயரும் சுவரில் என் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும். நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்தேன்.

ஆல்பின்

---

பாபநாசம்
4 ஆகஸ்ட் 2025

ஆல்பின் சாருக்கு,

கறிக்கு அனுப்புகிறோம், நிஜம்தான். நாங்கள் ஒன்றும் வள்ளலார் மடத்து ஆட்கள் இல்லை. ஆனால் கறிக்குப் போகும் வாத்தை நாங்கள் எப்படிப் பிடிப்போம் என்று ஐந்து வாரத்தில் ஒருநாளாவது கேட்டீர்களா? வலை போட்டுப் பிடிப்போம். ஓட ஓட, சேற்றில் விழுந்து எழுந்து, கையெல்லாம் கீறிக்கொண்டு பிடிப்போம். கூப்பிட்டால் ஒரு நிமிஷத்தில் காலடிக்கு வந்துவிடும். ஆனாலும் கூப்பிட மாட்டோம். வாத்து மேய்க்கிறவன் கூப்பிட்டால் அங்கே இரையோ தண்ணீரோ பட்டியோ இருக்க வேண்டும். கத்தி இருக்கக் கூடாது, வெறும் கையும் இருக்கக் கூடாது. சின்ன வயசில் ஒருநாள் விளையாட்டுக்கு நான் அப்பா மாதிரி கூப்பிட்டுவிட்டு ஓடியதற்கு, வாழ்நாளில் என்னை அடிக்காத மனுஷன் கோலாலேயே ஒன்று வைத்தார். கட்டி இழுத்திருந்தால் அதுகளுக்கு உங்களைப் பார்த்துப் பயம் வந்திருக்கும், அதோடு போயிருக்கும். நீங்கள் நம்பிக்கையை வைத்து இழுத்தீர்கள். இப்போது அதுகள் தண்ணீரையே நம்பவில்லை.

திட்டி முடித்துவிட்டேன். இனி என் பங்கைச் சொல்கிறேன்.

அப்பா போன பிறகு இரண்டு வாரத்துக்கு மேல் மந்தையை மில்லுக்கு ஓட்டி வந்தது யார்? நான்தான். நீங்கள் வேண்டாம் என்றால் நிறுத்திவிடலாம் என்று கண்ணியமாகத்தான் கேட்டீர்கள். நான்தான் நடக்கட்டும் என்றேன். ஏன் தெரியுமா? தினம் இரண்டு தடவை பின்சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அப்பாவின் குரலைக் கேட்கலாம் என்பதற்காக. நானூறு உயிர் கல்லில் மூக்கை உடைத்துக்கொண்டிருக்க, நான் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தேன்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அம்மாவும் கேட்டால் ஆறுதலாக இருக்கும் என்று அழைத்து வந்தேன். ஸ்பீக்கர், ரெக்கார்டிங் எதையும் சொல்லவில்லை. சொன்னால் வர மாட்டாள் என்று நினைத்தேன். குரல் வந்ததும் அம்மா வாத்துகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். கறுப்புக் கல்லில் வழுக்கி விழுந்து, எழுந்து, சுவர் சுவராகத் தடவித் தேடினாள். இருட்டில் நின்ற உங்கள் ஆட்கள் அதையும் படைப்பின் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

யோசித்துப் பார்த்தேன். பொய்யாகக் கூப்பிடப்பட்டவர்களுக்குத்தான் இப்போது கேட்கிறது. வாத்துகளுக்குக் கேட்கிறது, அம்மாவுக்குக் கேட்கிறது. எனக்கும் உங்களுக்கும் அது ரெக்கார்டிங் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. அந்தக் குரலுக்கு ஏங்கிச் செத்தவள் நான். எனக்கு மட்டும் அது கேட்கவில்லை.

அப்பா ஒரு வழி சொல்வார். தவறிப்போய்ப் பொய்யாகக் கூப்பிட்டுவிட்டால், அதே குரலில் மறுபடி கூப்பிட்டு, வந்ததற்கு வயிறு நிறையக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் மந்தை பழையபடி ஆகும். அந்தக் குரல் உங்கள் கையில் இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் இங்கே குறுவை அறுப்பு முடியும். உதிர் நெல் கிடக்கும் வயலும் பக்கத்தில் ஓடும் தண்ணீரும் சேர்ந்து கிடைக்கும். கொண்டு வாருங்கள். ஒரே ஒருமுறை நிஜமாகக் கூப்பிட்டுவிட்டு, பிறகு அதை அழித்துவிடுங்கள். டெல்லி வாத்துகள் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தன?

செந்தாமரை

---

கொச்சி
30 ஆகஸ்ட் 2025

செந்தாமரைக்கு,

மூன்று வாரமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவின் குரலைப் பதிவு செய்த நாளை உங்களிடம் நான் முழுதாகச் சொன்னதில்லை. அவர் முதலில் முடியாது என்றார். "அங்க என்ன சார் இருக்கு, கூப்புடுறதுக்கு?" என்று கேட்டார். மில்லின் தரையில் தொட்டி கட்டித் தண்ணீர் விடுவேன் என்று சொன்னேன். அப்போது எனக்கும் அந்த எண்ணம் இருந்தது என்று பல மாதமாக என்னையே நம்பவைத்திருந்தேன். அது பொய். கறுப்புக் கல் பதிக்க அதற்கு முன்பே ஆள் சொல்லிவிட்டேன்.

திறப்பு நாளில் வாத்துகள் கல்லைத் தட்டியபோது அவர் என் பக்கத்தில்தான் நின்றார். எல்லோரும் போன பிறகு, "பொய் சொல்றதுக்கு என் தொண்டைய வாங்கிட்டீங்களே சார்" என்றார். அவ்வளவுதான், சத்தம் போடவில்லை. அடுத்த நாள் வந்து, ஒரு நாள் மட்டும் நெல்லும் தண்ணீரும் வைத்து அந்தக் குரலை ஓடவிடுங்கள் என்று கேட்டார். பார்வையாளர்கள் வரிசையாக முன்பதிவு செய்திருந்தார்கள். நாளைக்கு என்றேன். இரண்டு வாரத்தில் நான்கு தடவை கேட்டார், நான்கு தடவையும் நாளைக்கு என்றேன். நான்காவது தடவைக்கு மறுநாள் அவர் இறந்தார்.

உங்கள் கடிதம் வந்த இரவு வெட்டாத மூலப் பதிவைப் போட்டுக் கேட்டேன். கூப்பிட்டு முடித்ததும் கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் இருக்கிறது. பிறகு அவர், "தண்ணி விட்டுடுவீங்கல்ல சார்?" என்கிறார். நான், "கண்டிப்பா அண்ணே" என்கிறேன். இந்த இரண்டு வரியை வெட்டிவிட்டுத்தான் ஐந்து வாரம் ஓடவிட்டேன். என் குரல் எவ்வளவு சகஜமாக இருக்கிறது தெரியுமா? கேட்கக் கூசியது.

இவ்வளவு சொல்லியும் எனக்குத் துணிவு வரவில்லை. டெல்லிக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. பதினெட்டு வருடமாக இந்தத் தொழிலில் நான் காத்திருந்தது இதற்காக. அதோடு, அழித்தால் உங்கள் அப்பாவின் குரல் உலகத்தில் இல்லாமல் போகும். அதை எப்படி நான் என் கையால் செய்வது? நீங்களே பிறகு வருந்துவீர்கள். நகல் ஒன்றை உங்களுக்கு அனுப்புகிறேன், அதை வைத்து நீங்களே கூப்பிட்டுக்கொள்ளுங்கள். அது போதாதா?

ஆல்பின்

---

பாபநாசம்
8 செப்டம்பர் 2025

சார்,

போதாது. கூப்பிட்டவர் வர வேண்டும். கூப்பிட்டது அப்பாவின் தொண்டை, ஆனால் ஆள் நீங்கள்.

நேற்று அம்மா கல்லில் நெற்றியை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். வாத்துகளுக்கு நடுவில், அதுகள் தட்டும் அதே தாளத்தில். இழுத்து வந்து காயத்துக்கு மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறேன்.

மந்தையில் முந்நூறுகூட இல்லை. மேலப் பங்கு வயலில் அறுப்பு இருபத்து நாலாம் தேதி. இருபத்தாறு, வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு மணிக்குள் வாருங்கள்.

செ.

---

கொச்சி
15 செப்டம்பர் 2025

செந்தாமரைக்கு,

டெல்லிக்கு எழுதிவிட்டேன். காரணம் கேட்டார்கள். வாத்துகளிடம் பொய் சொல்லிவிட்டேன், இனி சொல்ல முடியாது என்று பதில் போட்டேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பேசிக்கொள்கிறார்களாம். ஜாய்ஸ் அக்காவும் அதைத்தான் கேட்டாள்.

இருபத்தாறாம் தேதி காலையில் வந்துவிடுவேன். மூலப் பதிவு ஒரே ஒரு மெமரி கார்டில் இருக்கிறது. மற்ற நகல்களை நேற்றே அழித்துவிட்டேன். நம்புங்கள் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் சொல்கிறேன்.

அம்மாவை அன்றைக்கு மட்டும் வீட்டில் யாராவது பார்த்துக்கொள்ளும்படி செய்யுங்கள்.

ஆல்பின்

---

கும்பகோணம்
2 அக்டோபர் 2025

அன்புள்ள செந்தாமரைக்கு,

கொச்சிக்குப் போகவில்லை. அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். அரை மணி நேரத்தில் பஸ் பிடித்து வந்துவிடலாம், ஆனால் உங்கள் வாசலில் வந்து நிற்க முகமில்லை. அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்கு நடந்ததில் முதல் பாதியை நினைத்தால் இன்னும் உடம்பு சிலிர்க்கிறது. அறுத்த வயலின் வரப்பில் ஸ்பீக்கரை வைத்துக் குரலைப் போட்டதும், மில்லின் பக்கம் போய்க்கொண்டிருந்த மந்தை அப்படியே நின்றதே. இரண்டு பக்கத்திலிருந்தும் கூப்பிட்டால் எப்படி நிற்குமோ அப்படி நின்றது. அதன் பிறகு நம் பக்கம் திரும்பியது. அறுத்த தாளுக்குள் நெல்லைக் கண்டது, வாய்க்காலை ஒரு தட்டுத் தட்டியது, அலகு உள்ளே போனது. முதல் வாத்து இறங்கியபோது நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். பிடித்தது உங்களுக்கே தெரிந்திருக்காது.

இரண்டாவது பாதியை நான் எதிர்பார்க்கவில்லை. பக்கத்து வீட்டில் பூட்டிவைத்திருக்கிறோம் என்றீர்களே, அம்மா எப்படி வந்தார்? வரப்பில் நடந்து வராமல் நேர்கோட்டில், வாய்க்காலுக்குள் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் வாத்துகளுக்கு நடுவில் வந்தார். ஸ்பீக்கரின் முன்னால் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டார். போர்த்தியிருந்த துணியை விலக்கி அதன் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "எங்கே தம்பி?" என்றார்.

நான் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஓடினேன். ஓடியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்டால் நீங்கள் கொடுத்துவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. வாத்துக்கு நெல்லும் தண்ணீரும் வைத்துவிட்டோம். அம்மாவைக் கூப்பிட்டதற்கு நாம் என்ன வைப்பது? ஒரு வாரமாக இதுதான் ஓடுகிறது. நான் ஏதாவது செய்ய முடியுமானால் சொல்லுங்கள். மில்லை இடித்துத் தரைமட்டமாக்கச் சொன்னால் நாளைக்கே ஆள் வைக்கிறேன்.

ஓடும்போது கார்டை உங்கள் கையில் திணித்துவிட்டு வந்தேன். அதை என்ன செய்தீர்கள் என்று கேட்க எனக்கு உரிமையில்லை.

ஆல்பின்

---

பாபநாசம்
19 அக்டோபர் 2025

ஆல்பின் சாருக்கு,

கார்டைக் குடமுருட்டியில் போட்டுவிட்டேன். அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை கேட்டேன். அப்பா உங்களிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்ட இடத்தில் அவர் குரல் லேசாகச் சிரிக்கிறது. நீங்கள் கண்டிப்பாக விடுவீர்கள் என்று அவர் நம்பியிருக்கிறார்.

மந்தை தேறிவிட்டது. தண்ணீரை விட்டு ஏற்றுவதுதான் இப்போது பாடு. என் குரலுக்கு வருகிறது, முட்டையும் வைக்கிறது. பன்னிரண்டு மணி ஆனால் ஒன்றுகூட மில்லின் பக்கம் திரும்புவதில்லை.

அம்மா மட்டும் போகிறாள். வாத்துத் துணைகூட இல்லாமல், தனியாக. கல்லில் உட்கார்ந்து அந்த நாலு ஆணியைப் பார்த்துக்கொண்டிருப்பாள், பொழுது சாய்ந்துதான் வருவாள், சாப்பிட மாட்டாள். டாக்டரிடம் போனோம், மாத்திரை கொடுத்திருக்கிறார். "அம்மா, வாம்மா" என்று நான் தொண்டை கிழியக் கத்தினாலும் அவள் காதில் விழவில்லை. கையில் எலும்பு தெரிகிறது சார். தீபாவளி வரை தாங்குவாளா என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை ஒன்று செய்தேன். தூக்குவாளியில் சோறும் அப்பாவுக்குப் பிடித்த கெளுத்தி மீன் குழம்பும் எடுத்துக்கொண்டு, மந்தையை மில்லின் பின்னால் இருக்கும் நெல் காயப்போடும் களத்தில் மேயவிட்டேன். உச்சி வெயில். ஒரு காக்கை இல்லை. சுவரைப் பார்த்து நின்று, அப்பாவின் கூப்பிடலைக் கூப்பிட்டேன். சின்ன வயசில் அப்பாவிடம் வாங்கிய அந்த அடிக்குப் பிறகு முதல் தடவை. என் தொண்டையில் அது சுளுவாக வந்தது, எனக்கே பயமாகிவிட்டது.

கூப்பிட்டுவிட்டுத்தான் யோசித்தேன், நீங்கள் கேட்ட அதே கேள்வியை. அம்மா வந்தால் என்ன கொடுப்பேன்? சோறு இருக்கிறது, நான் இருக்கிறேன். அது போதாது என்று எனக்கே தெரியும். உங்களை அவ்வளவு திட்டியவள் கடைசியில் அதையேதான் செய்தேன்.

அம்மா கதவைத் தாண்டி வெளியே வந்தாள். வேகமாக வந்தாள். என் முன்னால் வந்து நின்றாள். ஆனால் பார்வை என்மேல் இல்லை, என் தோளுக்கு மேலே இருந்தது. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "இவ்ளோ நேரமா? பசிக்காதா ஒங்களுக்கு?" என்றாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அம்மா சிரித்ததை அன்றைக்குப் பார்த்தேன். என் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டு, களத்து ஓர வாழையில் மூன்று இலை கிழித்து வேப்பமரத்து நிழலில் போட்டாள். இரண்டு இலையில் சாப்பிட்டோம்.

மேய்ந்துகொண்டிருந்த மந்தை சத்தமில்லாமல் நின்றுவிட்டிருந்தது. எல்லாம் எனக்குப் பின்னால், அம்மா பார்த்த அதே இடத்தைப் பார்த்துத் தலையைச் சாய்த்திருந்தன.

நான் திரும்பவில்லை சார். திரும்பினால் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். அப்புறம் நான் கூப்பிட்டது பொய் ஆகிவிடும். யாராவது இருந்தால் என்ன செய்வது என்பதும் எனக்குத் தெரியவில்லை. அந்தக் குரலுக்காகச் சுவரில் சாய்ந்து அழுதவள், அப்பா நிஜமாகவே பின்னால் நின்றால் பார்க்கத் துணிவில்லாமல் குனிந்து சாப்பிட்டேன். அம்மா எனக்குப் பரிமாறினாள், பிறகு எனக்கு அந்தப் பக்கமும் பரிமாறினாள்.

அன்றிலிருந்து தினமும் கூப்பிடுகிறேன். அம்மா தினமும் சாப்பிடுகிறாள், முகத்தில் ரத்தம் வந்திருக்கிறது. மில்லை இடிக்க வேண்டாம். நீங்களும் வர வேண்டாம். வந்தால் எனக்குப் பின்னால் பார்த்துச் சொல்லிவிடுவீர்கள்.

சாப்பிட்டதும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் முன்னால் நடக்கிறேன். மந்தை பின்னால் வருகிறது. முன்னால் போகும் ஆளைப் பார்த்து வரும் வாத்து அங்கங்கே சிதறி, நின்று, மேய்ந்துதான் வரும். பின்னால் ஒருவர் கோலோடு ஓட்டி வந்தால்தான் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சீராக வரும். எங்கள் மந்தை வீடு வரைக்கும் ஒட்டிக்கொண்டுதான் வருகிறது.

செந்தாமரை